பாட்டில் மாறியிருக்குமோ?

கோவில்பட்டியில் ஒரு தனியார் லேபில் இருபத்தாறு வருடமாக டெக்னீசியனாக இருக்கிறேன். நோயாளி உடம்பிலிருந்து எடுத்த நீரை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்குக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் ஒருவர் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். பசுவந்தனைக்காரர், பெயர் சவரிமுத்து.

“யம்மா, நாப்பது வருசமா பீடி குடிக்கது நானு. எம் பொண்டாட்டி வெத்தலகூடப் போடமாட்டா. அவளுக்கு நுரையீரல்ல கேன்சருன்னு போட்டிருக்கு. பாட்டில் மாறிப் போச்சோன்னு நெனைக்கேன்.”

லேபில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. அவர் மனைவி அந்தோணியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கியது. டிபி என்று மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. முந்தின நாள்தான் அந்த நீர் எங்களிடம் வந்திருந்தது.

ரிஜிஸ்டர், பாட்டில் லேபிள், ஸ்லைடில் கீறிய நம்பர் மூன்றையும் அவர் கண் முன்னாலேயே ஒப்பிட்டேன். எதுவும் மாறவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப எப்படி வந்துச்சு?” என்றார். டாக்டர் கோமதியிடம் போய்க் கேட்டேன். ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட் எழுதியவர் அவர்தான்.

“பீடி குடிக்காதவங்களுக்கும் வரும், கிரேஸ். அவங்கள்ல பல பேருக்கு இஜிஎஃப்ஆர்ங்கிற ஜீன் மாறியிருக்கும். வளரு, வளருன்னு செல்லுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்த மாற்றம் இருந்தா, கீமோவுக்குப் பதிலா அதை அடக்குற மாத்திரையே குடுக்கலாம். ஆனா டெஸ்ட் பண்ணச் சதை வேணும்.”

“அந்த அம்மாவால படுக்கவே முடியலையாமே டாக்டர். பயாப்சி எப்படி எடுப்பாங்க?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “மிச்ச நீர் இருக்கா?”

ஃபிரிட்ஜில் பாதிப் பாட்டில் இருந்தது. சாயங்காலம் மற்ற பாட்டில்களோடு கொட்டியிருப்பேன்.

அதை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் படிந்ததை மருந்து சேர்த்து உறையவைத்தேன். உளுந்து அளவுக்கு ஒரு கட்டி கிடைத்தது. ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்தேன். இதற்கு செல் பிளாக் என்று பெயர். சதைக்குப் பதிலாக இதிலேயே ஜீன் டெஸ்ட் செய்யலாம். சென்னைக்கு அனுப்பினோம்.

சவரிமுத்து நாள் தவறாமல் பஸ் ஏறி வந்தார். “வந்துட்டா தங்கச்சி?” பத்தாவது நாள் வந்தது. டாக்டர் சொன்ன அதே மாற்றம் இருந்தது. மதுரையில் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் எங்கள் மாடிப்படியில் நிற்காமல் ஏறி வந்தார். “நாந்தான் அந்தோணியம்மா. எங்கிட்டயிருந்து எடுத்ததை எல்லாம் நீங்கதான் பாத்தியளாம். ஒங்க மொகத்தை நான் பாக்க வேண்டாமா?” என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

பிறகு சவரிமுத்து இடைசெவலிலிருந்து பெருமாள் என்ற நண்பரைக் கூட்டிவந்தார். அதே நுரையீரல் கேன்சர், அதே மாதிரி நீர். “இவனுக்கும் அந்த மாத்திரையையே எழுதச் சொல்லுங்க.”

பெருமாள் நீரிலும் செல் பிளாக் செய்து அனுப்பினோம். அந்த மாற்றம் இல்லை. வேறு சில ஜீன்களையும் பார்த்தார்கள். மாத்திரைக்கு ஏற்ற எதுவும் இல்லை.

“ரெண்டு பேருக்கும் ஒரே நோய்னுதான சொன்னிய?” சவரிமுத்துவுக்குக் கோபம்.

“மைக்ராஸ்கோப்புல ஒண்ணுபோலத்தான் தெரியுது அண்ணாச்சி. உள்ள வேற. அந்த மாத்திரை இவியளுக்குக் கேக்காது, நாள்தான் வீணாகும்” என்றேன்.

பெருமாள்தான் அவர் கையைப் பிடித்தார். “விடுடே. கேக்காத மருந்த நாலு மாசம் தின்னுட்டுக் கெடக்காம, இப்பமே தெரிஞ்சது நல்லதுதான?” அடுத்த வாரம் கீமோவுக்குப் போனார். கஷ்டப்பட்டார். இப்போது காட்டு வேலைக்குப் போய் வருகிற அளவுக்குத் தேறியிருக்கிறார்.

கேன்சரா இல்லையா என்று சொல்லிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாருடைய கேன்சர், அதற்குள் என்ன மாறியிருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. அதை எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர், ரிப்போர்ட்டை நம்பாமல் வந்து நின்ற ஒரு பீடிக்காரர்.