சிவப்பு வண்டிக்கு நாலு டயர்

நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். அப்படிப்பட்ட நான்தான் சிவப்பு நிறத்தில், இரண்டே கதவுள்ள, தரையோடு தரையாகப் போகும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. நல்ல இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டால் மனசு இளகிவிடும். அந்த வண்டியையும் சத்தம் கேட்டுத்தான் வாங்கினேன், நிறத்தை அப்புறம்தான் கவனித்தேன் என்றால் தோட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை.

என் மனைவி இரண்டு மாதம் அதில் வந்தாள். ஒரு நாள் மழையில், ரிங்லெட் ஊருக்குக் கீழே மலைப்பாதையின் ஒரு வளைவில், நான் திருப்பியது ஒரு பக்கம், வண்டியின் பின்பாகம் போனது வேறு பக்கம். அரைச் சுற்று சுற்றி, வந்த வழியையே பார்த்தபடி நின்றோம். அவள் மடியில் ஒரு தட்டு முட்டை இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. அவள் மெதுவாக இறங்கி, எங்களுக்குப் பின்னால் வந்து இப்போது எதிரில் நின்ற முட்டைக்கோஸ் லோரியைக் கை காட்டினாள்.

"நீங்க வாங்க. நா இதுல வந்துர்றேன்."

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் என் வண்டியில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அவள் பஸ்ஸில் போவாள். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவேன். திரும்பும்போது காய்கறிப் பை மட்டும் என்னோடு வரும். பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிடுவேன். பயறங்காய்க்குப் பெல்ட் போட்டுக்கொண்டு எத்தனை ஞாயிறு போவது? அவளை மறுபடி அந்த சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அன்று வண்டி சுற்றியதற்கு டயர்தான் காரணம் என்று எனக்குச் சந்தேகம். டயரின் வரிகளை மலாய்க்காரர்களைப் போல நாங்களும் பூ என்போம். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற கங்காணி குனிந்து பார்த்தார்.

"பூ நல்லாத்தானே இருக்கு? டயர்ல ஒண்ணும் கோளாறு இல்லே. ஓட்றவன்கிட்டதான் இருக்கு."

"இல்ல கங்காணி, மழையில வழுக்குது."

"அப்ப தோட்டத்து ஜீப்புக்குப் போடுறாங்கல்ல, கட்டகட்டயா பூ, அதப் போடு. சேத்துல யானை மாரி ஏறும்."

"அது இந்த வண்டிக்குள்ள நுழையாது."

"வண்டியக் கொஞ்சம் வெட்டிக்கோ லா."

ரிங்லெட்டில் ஒரு டயர் கடைக்குப் போனேன். அதன் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார். பழைய டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம்தான் வளைந்தது.

"அண்ணே, இது டயர் இல்லே. கல்லு. பூ இருக்கு, உசிரு இல்லே."

இரண்டு வகையை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்றில் பூவே அதிகம் இல்லை, மொழுமொழுவென்று இருந்தது. "இது ரேஸ் ஓட்றவன் போடுவான். சூடானா பிசின் மாதிரி ஒட்டும்."

"இங்க எப்ப சூடாகும்?"

"இங்க மலைக் குளுருல ஆவாது. கீழ எறங்கி ஈப்போ போனா ஆவும்."

ஆனாலும் என் கை அதைத்தான் தடவிக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! பயறங்காயை நினைத்துக்கொண்டு கையை எடுத்தேன். மற்றொன்று மழைக்கானது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து விரியும் ஆழமான வரிகள், தண்ணீரை வெளியே தள்ளிவிடுமாம். ஆனால் ஒரு திசையில்தான் சுற்ற வேண்டும். அதற்குப் பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருந்தது. அதையே மாட்டச் சொன்னேன்.

மாட்டியவர் ஒரு பெரியவர். திரிங்காப் ஊர்க் காய்கறி லோரிகளுக்கே வாழ்நாளெல்லாம் டயர் மாட்டியவர். லோரி டயரை எப்படிப் போட்டாலும் ஓடும். அவர் அம்பைப் பார்க்காமல், நாலையும் ஒரே பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினார். அதனால் இடது பக்கம் அம்பு சரியாக இருந்தது, நான் உட்காரும் வலது பக்கம் இரண்டிலும் பின்னோக்கிச் சுற்றச் சொன்னது. நான் பார்த்துவிட்டேன். வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லேண்ணே. டீ குடிச்சாச்சா?"

"ஆச்சு."

அத்தோடு பேச்சு முடிந்தது. ஒரு அம்புக்குறியால் என்ன ஆகிவிடப்போகிறது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புது டயருக்குக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு ஏறுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றாள் மனைவி. வேலை முடிந்து வந்ததும் போனோம். நான் வண்டியில், அவள் நடந்து. அவளே முன் டயர்களுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து பழம் வைத்தாள். இடது பக்கம் வைத்தாள். வலது பக்கம் வந்தாள். மறுபடி இடது பக்கம் போனாள். இருபது வருடம் கொழுந்து எடுத்த கண்.

"ஏங்க, இந்தப் பக்கம் பூ கொழுந்து மாரி நிமிந்து நிக்குது. உங்க பக்கம் கவுந்து கெடக்கே?"

"டிசைன் அப்படி."

"நாலும் ஒரே டயருதானே?"

"ஆமா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள்.

"கடையிலயே தெரியும், இல்ல?"

"அவரு பெரியவரு. பாதி வேலய முடிச்சிட்டாரு..."

"என்னய ஒக்கார வைக்கத்தானே டயரே வாங்குனீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பழங்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். கதவைத் திறந்தாள். முதலில் இடுப்பு, அப்புறம் தலை, அப்புறம் ஒரு கால். மற்றக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள்.

"எங்க போற?"

"கடைக்கு. தனியா விட்டா இன்னொரு டீ விசாரிச்சிட்டு வந்துருவீங்க."

எட்டு மாதம் கழித்து அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது தப்பான டயரில், தூறலில். பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. ஒரு சைக்கிள்காரரும் போனார்.

கடை வாசலில் நிறுத்திவிட்டு, அவள் இறங்கிப் பேசுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க போயி சொல்லுங்க."

"நீ வரல?"

"ஏறவே முட்டி வலிக்குது. எறங்குனேன்னா மறுபடி ஏற மாட்டேன். யோசிச்சிக்குங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. இறங்கினேன். சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "அண்ணே! ரெண்டு டயரு திசை மாத்திப் போட்டுட்டீங்க!"

கடையே திரும்பியது. பெரியவர் வந்து அம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீ குடிச்சாச்சான்னு கேட்டியே, அப்பவே பாத்துட்டியா?"

தலையாட்டினேன்.

"அப்பவே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே, தம்பி!"

தவுக்கே வண்டி ஜன்னலில் குனிந்தார். "அக்கா, எறங்குங்க. ஜாக் போடணும்."

"போடுங்க. நா ஒக்காந்திருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். வலது பக்கம் உயர உயர, அவள் மேட்டில் ஏறும் தேரில் இருக்கும் அம்மனைப் போல இடது பக்கம் சாய்ந்து, பையை அணைத்துக்கொண்டு, எதிர்க் கடையையே பார்த்திருந்தாள். தவுக்கே பயந்து போய் ஜன்னல் வழியாகக் காப்பி கொடுத்தார்.

இரண்டு டயரையும் கழற்றித் திருப்பி மாட்டியதும் வண்டிக்கு எதிரில் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் கொழுந்து நிமிர்ந்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் உள்ளிருந்து.

"சரியா இருக்கு!" கடை மறுபடி திரும்பியது.

"அப்ப ஏறுங்க. அப்படியே தானா ராத்தா டவுனுக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்துருவோம்."

மழை வலுத்துவிட்டது. வைப்பரைப் போட்டேன். அவள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.