சின்னத்தங்கம் அக்காவைக் கடல் கடத்திய கதை

நெடுந்தீவில் அரியநாயகம் என்று சொன்னால் எந்த அரியநாயகம் என்று கேட்பார்கள். பிளேன் அரியநாயகம் என்று சொல்லிப் பாருங்கள், மூக்குச் சிந்தத் தெரியாத பிள்ளையும் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடும். இத்தனைக்கும் அந்த மனிதர் பிளேன் ஓட்டிச் சம்பளம் வாங்கியவர் அல்லர். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். ஐம்பத்தாறாம் ஆண்டு ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு பனங்கட்டிக் குட்டானோடும் வள்ளம் ஏறிப் போனவர், பிறகொரு நாள் வானத்தால் வந்து இறங்கினார்.

ஏன் பறக்கப் பழகினார் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கொழும்புத் திமிர் என்றார்கள். பெண்சாதியிடம் வீரம் காட்ட என்றார்கள். சும்மா கதைக்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே! உண்மையான காரணம் அவருடைய அக்கா சின்னத்தங்கம். அது அக்காவுக்கே வெகு காலம் தெரியாது.

தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருசன் வைத்திலிங்கம் மாடுகளோடு மட்டும் தாராளமாகக் கதைக்கிற மனிதர். சின்னத்தங்கத்துக்குச் சூரியனைக் கண்டு பயமில்லை, பாம்பைக் கண்டு பயமில்லை, ஊரை ஆளும் விதானையாரைக் கண்டும் பயமில்லை. கடல்தான் ஆகாது. வள்ளத்தில் கால் வைத்தால் தலைச்சுற்று, கயிறு அவிழ்த்தால் குடலைப் பிரட்டிச் சத்தி, அரைவாசி வழியில் மயக்கம். தீவிலே பிறந்தவளுக்கு இப்படியொரு கொடுப்பினை.

அறுபத்தோராம் ஆண்டு ஆவணியில் அரியநாயகத்துக்குக் கொழும்பில் கலியாணம். பெண் மடத்துவெளி இராசேஸ்வரி. அவர்கள் குடும்பம் வெள்ளவத்தையில் இருந்தது. அக்கா கூறைச் சேலைக்குக் குறையாத ஒரு சேலை கட்டிக்கொண்டு யாக்கோப்பின் வள்ளத்தில் ஏறினாள். சோளகக் காற்று அடித்தது. நடுக்கடலில் அவள் விழுந்து கிடந்த கிடையைப் பார்த்து யாக்கோப்பு சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்தைத் திருப்பிவிட்டார். மணவறையில் இருந்த அரியநாயகம் தாலி கட்டும்வரை வாசலைப் பார்த்தபடியே இருந்தார். அக்கா வரவில்லை. அதற்குப் பிறகு அவள் துறைப் பக்கமே போகவில்லை.

இரண்டு வருடத்தில் மகள் சுகந்தி பிறந்தாள். பிள்ளைக்கு முட்டு, மூச்சு இழுக்கும். நீண்ட பயணமும் கடற்காற்றும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொழும்பில் கடல் இல்லையோ என்று கேட்கக் கூடாது, அந்தக் காலத்து டாக்டர்மார் சொன்னால் சொன்னதுதான். ஆக, பிள்ளை இங்கே வர ஏலாது, அக்கா அங்கே போக ஏலாது. லீவில் அரியநாயகம் தனியே தீவுக்கு வருவார். அக்கா அவர் கொண்டுவந்த படத்தில் இருக்கும் பிள்ளையை விரலால் தடவித் தடவி, அதன் முகம் பாதி அழிந்து போயிற்று.

"ஒருக்கால் தூக்கிப் பார்த்தால் காணும், தம்பி. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்பாள்.

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் அப்போது ஒரு பறப்புக் கழகம் இருந்தது. அரியநாயகம் அங்கே போய் நின்றார். சனி ஞாயிறுகளில் அவர்களுடைய தட்டெழுத்து வேலை முழுவதையும் செய்து கொடுத்தார். அதற்குப் பதிலாக அவர்கள் அவரைப் பறக்கப் பழக்கினார்கள். முதல் வருடம் இறங்கும்போதெல்லாம் பிளேன் தவளைபோலத் துள்ளியதாம். பிறகு கை வந்தது. தூரப் பயணம் போகலாம் என்று விட்டபோது மற்றவர்கள் கண்டிக்கும் காலிக்கும் போனார்கள். இவர் மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனார்.

அந்தப் பயணங்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும். நீர்கொழும்புக் களப்பில் பாய்கள் விரித்த தோணிகள், சிலாபத்துத் தென்னைகள், புத்தளத்து உப்பு வெள்ளை, பிறகு மனிதவாடையே இல்லாத வில்பத்துக் காடு. மன்னாரைத் தாண்டினால் கரை கையை விட்டுவிடும். கீழே தண்ணீர், மேலே வெயில், நடுவில் ஒற்றை எஞ்சினும் இவரும். எஞ்சின் ஒரு தரம் இருமினாலும் நெஞ்சு நின்றுபோகும் என்பார். அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து நெடுந்தீவு எழும்பி வருகிறபோது, "ஐயோ, என்ரை ஊரே!" என்று தனியே கத்துவாராம். வீட்டுக்கு மேலே பதிந்து ஒரு சுற்றுச் சுற்றுவார். முற்றத்தில் அக்கா சேலைத் தலைப்பை ஆட்டுவாள். கடலுக்கு அப்பால் பலாலி விமானத் தளத்தில் போய் எண்ணெய் அடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

இறங்க அனுமதி எடுக்க அவர் ஏறி இறங்காத படியில்லை. கடைசியில் அறுபத்தெட்டாம் ஆண்டு பங்குனியில் கிடைத்தது. தீவின் மேற்கே புல் வெட்டையில் இறங்கலாம், ஒரு தரம் மட்டும். முன்கூட்டியே வந்து நிலத்தைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுப் போனார். குறித்த நாளில் யாக்கோப்பும் இளந்தாரிகளும் அங்கே மேய்ந்த மட்டக் குதிரைகளைக் கலைத்து விட்டார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய அந்தச் சின்னப் பிளேன் புல்லில் உருண்டு வந்து நின்றது. ஊரே கூடி நின்றது. சின்னத்தங்கம் அந்தக் கலியாணத்துக்குக் கட்டிய அதே சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ச்சனம் தங்கள் குணத்தைக் காட்டியது.

தீவிலே ஒரு பழக்கம் இருக்கிறது. வள்ளம் வெளிக்கிடுகிறது என்றால் துறைக்கு வருகிறவர் தன் பொட்டலத்தை உள்ளே வைத்து, யாருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஓட்டி மறுக்கக் கூடாது. மறுத்தவனை மனிதனாக எண்ணமாட்டார்கள். வள்ளத்துக்கு ஒரு நியாயம், பிளேனுக்கு ஒரு நியாயமா? கொழும்பில் பிள்ளை இருக்கிற அத்தனை வீட்டிலிருந்தும் சாமான் வந்தது. பனங்கிழங்கு ஒடியல் மூட்டை, புழுக்கொடியல், நெய்ப் போத்தல்கள், கருவாடு, பூசினிக்காய், கால் கட்டிய ஒரு கோழி. செல்லாச்சி என்ற கிழவி, கண்டு வெகு காலமான மகனுக்கென்று ஒரு பானை நிறையப் பனம்பழத்துப் பனாட்டு வைத்தாள். அரியநாயகத்துக்குப் பாரக் கணக்குத் தெரியும். ஆனால் அவரும் இந்தத் தீவுப் பிள்ளைதானே, வாய் எழவில்லை. இருக்கைக்குப் பின்னால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அக்காவை ஏற்றிப் பட்டியைப் பூட்டினார்.

எஞ்சின் இரைந்தது. பிளேன் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சில்லு நிலத்தை விடவில்லை. எதிரே கல்வேலி ஓடி வந்தது. அரியநாயகம் விசையைக் குறைத்து, உயிரைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். வேலிக்கும் மூக்குக்கும் இடையே ஒரு மாடு படுக்கலாம், அவ்வளவுதான்.

இறுக மூடியிருந்த கண்ணைச் சின்னத்தங்கம் திறந்தாள். "கொழும்பு வந்திட்டுதோ, தம்பி?"

"இன்னும் எழும்பவே இல்லை, அக்கா."

கூட்டம் ஓடி வந்தது. பாரம் கூடிப்போயிற்று என்று அவர் சொல்லி முடிக்க முன்னமே அக்கா பட்டியை இழுக்கத் தொடங்கிவிட்டாள்.

"என்னை இறக்கு. அதுகள் பெத்த பிள்ளையளுக்குக் குடுத்துவிடுற சாமான். நான் சும்மா பார்க்கப் போறவள்தானே. செல்லாச்சியின்ரை பானையை இறக்கிப்போட்டு நான் போனால் எனக்கு அடுக்குமோ?"

அரியநாயகம் அக்காவிடம் குரல் உயர்த்தியது அன்று ஒரு நாள்தான்.

"இருங்கோ அக்கா அதிலை! நான் இந்தச் சனியனை ஓட்டப் பழகினது ஆருக்கெண்டு நினைச்சியள்? என்ரை கலியாணத்துக்கு நீங்கள் வராமல் விட்ட நாளிலையிருந்து இந்த ஒரு நினைப்போடை கிடக்கிறன். ஒரே ஒருக்கால்தான் இறங்க விட்டவங்கள். இண்டைக்கு இல்லையெண்டால் இனி இல்லை!"

அக்காவின் கை பட்டியை விட்டது. சின்னத்தங்கம் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

யாக்கோப்புத்தான் முதலில் அசைந்தார். தன்னுடைய கருவாட்டுப் பொட்டலத்தை இழுத்து வெளியே போட்டார். "எல்லாத்தையும் இறக்குங்கோ. என்ரை வள்ளத்திலை ஏத்தி, றெயினிலை போட்டு, நானே கொழும்புக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன். அண்டைக்கு நடுக்கடலிலை திருப்பினது நான்தானே" என்றார். செல்லாச்சி பானையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போட்டு வா, மோனை. தம்பியின்ரை பிள்ளையை நானும் சுகம் கேட்டதெண்டு சொல்லு" என்றாள். கோழி ஒருவரையும் கேட்காமல் தானே குதித்தது. சுகந்திக்கென்று ஒரேயொரு நெய்ப் போத்தலை மட்டும் அக்கா மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தரம் பிளேன் எழும்பியது.

மேலே போனதும் அக்கா ஒரு கையால் போத்தலையும் மறு கையால் தம்பியின் சட்டையையும் பிடித்துக்கொண்டாள். பாவம், பயப்படுகிறாள் என்று அவர் நினைத்தார். ஆனால் அவள் வாய் ஓயவில்லை. "அங்கை பார், உன்ரை அத்தான்! எவ்வளவு பெரிய மனிசன், எறும்பளவிலை நிக்கிறார்" என்று சிரித்தாள். வள்ளம் குறிகட்டுவான் துறைக்குப் போகும் கடலைக் கண்டதும் சத்தம் வைத்தாள். "இந்தப் பொட்டுத் தண்ணியோ என்னை இவ்வளவு காலமும் மறிச்சது?"

"ஓம் அக்கா. இதுதான்."

"நாசமாய்ப் போக!" என்று கடலைத் திட்டினாள். மன்னாருக்கு மேலே காற்று பிளேனைப் போட்டுக் குலுக்கியது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவளுக்குத் தலைச்சுற்றில்லை, சத்தியில்லை. சட்டையைப் பிடித்த பிடி மட்டும் இறுகியது. கடல்தான் ஆகாது, வானம் ஆகும் என்று கண்டதில் அவருக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி மாளாது.

இரத்மலானையில் இராசேஸ்வரி பிள்ளையோடு நின்றாள். "வாங்கோ மச்சாள்" என்று கையைப் பிடித்தாள். சுகந்தி தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சின்னத்தங்கம் அவளைக் கூப்பிடவில்லை. தரையில் அப்படியே குந்தினாள். நெய்ப் போத்தலைத் திறந்து, விரலில் தொட்டு, நீட்டிக்கொண்டு இருந்தாள். பிள்ளை மெல்ல வந்தது, முகர்ந்து பார்த்தது, நக்கியது. அதற்குப் பிறகு மாமியும் மருமகள் சுகந்தியும் ஒரே பாயில்தான் படுக்கை. அக்கா என்ன மூலிகைக் குடிநீர் அவித்துக் கொடுத்தாளோ, முட்டும் தணிந்து போயிற்று. தன் மருந்துதான் வேலை செய்தது என்று டாக்டர் சொன்னார். சொல்லட்டும்.

வைகாசி பிறந்ததும் அக்காவுக்கு மாடுகளின் நினைவும் அவற்றோடு நிற்கும் மனிதரின் நினைவும் வந்துவிட்டன. கழகத்துப் பிளேனோ எஞ்சின் பழுதாகிக் கொட்டகைக்குள் கிடந்தது. வெட்டையில் இறங்க இனி அனுமதியும் இல்லை. றெயினும் வள்ளமும்தான் வழி. அக்கா கந்தனைக் கும்பிட்டாள். நானும் மாமியோடு போவேன் என்று சுகந்தி நிலத்தில் உருண்டு அழுதாள். டாக்டரும் தலையாட்டினார். எல்லோருமாக வெளிக்கிட்டார்கள்.

குறிகட்டுவானில் யாக்கோப்பின் வள்ளம் நின்றது. சோளகம் நல்ல மூர்க்கமாய் அடித்தது. அரியநாயகம் அக்காவுக்கென்று ஒரு வாளியையும் முகர்ந்து பார்க்கத் தேசிக்காயையும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அரைவாசி வழியில் வாளி தேவைப்பட்டது, ஆனால் பிள்ளைக்கு. சின்னத்தங்கம் பிள்ளையின் நெற்றியைக் கையால் தாங்கி, முதுகைத் தடவி, "ஒண்டுமில்லையடி, என்ரை குஞ்சு. இந்தா, கரை வந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திரை எழுந்து முகத்தில் அடித்தது. அவள் துடைக்கவும் இல்லை.

துறையில் கயிறு கட்டிவிட்டு யாக்கோப்பு அவளை உற்றுப் பார்த்தார். "தங்கமக்கா, நீங்கள் சத்தியெடுக்கேல்லை!"

அவள் திகைத்துப்போய் நின்றாள். "எனக்கெங்கை நேரம் இருந்தது?"

அரியநாயகம் வாளியோடு நின்று சிரித்தார். சிரிப்பு அடங்கவும் அழுகை வந்தது. இத்தனை வருடம் பறக்கப் பழகியதெல்லாம் இதற்குத்தானா என்று அவருக்கு இருந்தது.

அதற்குப் பிறகு சின்னத்தங்கம் வருடம் தவறாமல் கொழும்புக்கு வந்து போனாள், வள்ளத்தில்தான். ஏறியதும் முன்னுக்கு இருக்கிற தாயிடம் கையை நீட்டுவாள். "பிள்ளையை இஞ்சை தாரும், நான் வைச்சிருக்கிறன்." பிள்ளை இல்லாத நாளில் வள்ளம் ஏறமாட்டாள். அரியநாயகம் மட்டும் எழுபதுகள் முழுவதும் பக்கத்து இருக்கை வெறுமையாய்க் கிடக்க வடக்கே பறந்தார். கீழே யாக்கோப்பின் வள்ளத்தைக் கண்டால் இறக்கையைச் சரித்துக் காட்டுவார். வள்ளத்திலிருந்து ஒரு சேலைத் தலைப்பு ஆடும்.

எண்பத்தோராம் ஆண்டு கண் பார்வை குறைகிறதென்று அவருடைய அனுமதியை நிறுத்தப் போகிறார்கள் என்ற கதை வந்தது. அந்த லீவில் அக்காவிடம் கேட்டார். "நான் விடமுன்னம் பலாலியிலையிருந்து ஒருக்கால் என்னோடை வாங்கோவன், அக்கா."

"ஐயோ, ஏலாது தம்பி. மடியிலை ஒரு பிள்ளை இல்லாமல் எனக்குச் சத்தி வந்திடும்."

"முதல் தரம் வரேக்கை வரேல்லையே? மடியிலை நெய்ப் போத்தல்தானே இருந்தது?"

சின்னத்தங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"அண்டைக்கு உன்னையெல்லோ பிடிச்சுக்கொண்டு வந்தனான்" என்றாள்.

அப்படியென்றால் வள்ளத்திலும் பிளேனிலும் தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்று அரியநாயகம் சொல்லிப் பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, என்ன சேலை கட்டுவது என்று கேட்டாள்.