எதிர்க்காற்றில் திரும்பிய ஞாயிறு

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு ஞாயிறு, நாங்கள் வசிக்கும் புறநகரான மில்லிக்கனுக்கு வடக்கே வயல்களுக்கிடையிலான சரளைக்கல் பாதைகளில் நானும் கணவரும் சைக்கிளில் போனோம். போகும்போது காற்று முதுகில் தள்ளியது. அதைத் தம் கால்களின் வலிமையென்றே நம்பிய அவர், "எனக்கு அறுபத்திரண்டு வயசெண்டு ஆரும் சொல்லுவினமோ?" என்று கேட்டபடி, நினைத்ததைவிட இரு மடங்கு தூரம் என்னை இழுத்துச் சென்றார்.

திரும்பியபோது அதே காற்று முகத்தில் அறைந்தது. சற்று நேரத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது. ஆனால், வழியில் இறங்கி நடக்கமாட்டேன் என்று காலையில்தான் மகளிடம் சவால் விட்டிருந்தார்.

"உமக்கு ஏலாதெண்டால் சொல்லும், இறங்கி நடப்பம்," என்றார், என்னைப் பார்க்காமல்.

எனக்கு இன்னும் தெம்பிருந்தது. "ஓமப்பா, எனக்கு ஏலாமத்தான் கிடக்கு," என்றேன்.

நான் பிரேக்கைப் பிடிப்பதற்குள் அவர் இறங்கிவிட்டிருந்தார்.