எது கம்மி?

பசங்களா, இன்று பைக் கார்புரேட்டரைக் கழற்றியபோது வந்த பெட்ரோல் வாசனை, மேல்விஷாரம் பக்கம் இப்போது வீடுகளாகிவிட்ட கார் பந்தய மைதானத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. பந்தயம் தொடங்கப்போகிற நேரத்தில் என் அப்பா தன் நாலு சிலிண்டர் காரின் பானெட்டுக்குள் குனிந்து கார்புரேட்டரைச் சரிசெய்ய, அவருடைய தோஸ்த் பஷீர் பாய் காருக்குப் பின்னால் நின்று புகையை மோந்து, “ஜாஸ்தி கீதுப்பா, கம்மி பண்ணு” என்றார். அப்பா வேகத் திருகாணியைக் குறைக்க, இன்ஜின் நின்றே போனது.

“இன்னா, தள்ளிக்கினே ஜெயிக்கப் போறீங்களா?” என்று கூட்டம் சிரித்தது.

“யோவ், நான் பெட்ரோலைத்தான்யா கம்மி பண்ணச் சொன்னேன்!” என்று கத்தினார் பஷீர் பாய்.

அப்பா வேகத் திருகாணியைப் பழையபடி வைத்து, பெட்ரோல் திருகாணியைத் துளி குறைத்து, இன்ஜினைக் கிளப்பினார். நாலு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமின. அவர் ஓட்டிய கார் ஒருமுறைகூட இருமாமல் முதலில் வந்தது.

கூட்டம் கலைந்ததும், காரில் ஒட்டியிருந்த சேற்றை வழித்து, நானும் அப்பாவோடு பந்தயத்தில் ஓடியவன்போலத் தெரிய, சின்னப் பையனான நான் சுத்தமாக இருந்த என் சட்டையில் பூசிக்கொண்டேன்.