பக்கத்துக் கதவு

மும்பையில் நடந்த தாக்குதலை ஊரே டிவியில் பார்த்த பிறகுதான், நெல்லித்தோப்புப் பக்கத்துத் தியேட்டரில் பெண்களின் பைகளைச் சோதிக்க அஞ்சலாட்சியை வேலைக்கு வைத்தார்கள். எந்தப் பையையும் அவள் அடிவரை பார்க்காமல் உள்ளே விட்டதில்லை.

டிசம்பர் ஞாயிறு மேட்னி. வானத்தில் பறக்கும் வீரனின் டப்பிங் படம்; அரங்கம் முழுக்கப் பிள்ளைகள். நாலாவது வரிசையில் யாரோ இடம் பிடிக்க வைத்த ரெக்சின் பை, படம் தொடங்கி அரை மணி ஆகியும் தனியாகவே இருந்தது. அது அவள் கைக்கு வராத பை. திரையில் ஒரு நகரமே வெடித்துச் சரிந்தது; பிள்ளைகள் விசிலடித்தார்கள். கத்தினால் அத்தனை பேரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கதவுக்குப் போனாள். பூட்டியிருந்தது. திரும்பி, பிள்ளைகளுக்கு நடுவிலேயே அதை வெளியே கொண்டுபோனாள்.

வாசலில் மச்சானுக்காகக் காத்திருந்த ஒருவர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, எடம் புடிச்சி வெச்ச பையத் தூக்கினு வர்ற? முறுக்கு வாசம் இழுத்துச்சா?"

பையைத் திறந்தால் முறுக்கும் ஒரு ஸ்வெட்டரும்தான். மேனேஜர் புருஷோத்தமன் சிரித்தார்.

"உன்ன விட்டா அந்தப் பறக்கறவன் வேலையும் நீயே பாத்துடுவ."

அவள் கையை நீட்டினாள். "பக்கத்துக் கதவு சாவி குடுங்க சார்."

"தெறந்து வெச்சா டிக்கெட் இல்லாம பூந்துடுவானுங்க. போய் வாசல்ல நில்லு."

அவள் வாசலுக்குப் போகவில்லை. உள்ளே போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் திரையில் இன்னொரு கட்டடம் சரிந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள்.