அத்தை கையை எடுத்த நொடி

அப்பாவின் தொப்புளுக்கு மேலே அத்தையின் கை சட்டென்று நின்றதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எண்ணெய் தடவிய அந்தக் கையைச் சுட்டுக்கொண்டவள்போல இழுத்துக்கொண்டாள். “இது குடல் இல்லடி. உள்ள நெஞ்சு மாரி அடிச்சிகினு கீது. ஆட்டோவக் கூப்புடு.”

அத்தை அப்பாவின் அக்கா. வயிறு வலித்தால் குடல் ஏறிவிட்டது என்று சொல்லி, எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அத்தைதான் அந்தக் கைகாரி. புத்தாயிரம் பிறந்த வருஷம் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பாவுக்குப் பேதி வந்து நின்றது. அதன்பின் மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது. முதுகும் வலித்தது. மூட்டை தூக்குகிற முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். முந்தின நாள்கூட அத்தை முழு பலத்தோடு வயிற்றை அழுத்தினாள். அப்பா துள்ளினார். காலைப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் பலூன்போல வீங்கியிருக்கிறது என்றார். பேதி தந்த கிருமி ரத்தத்தில் கலந்து, குழாயின் சுவரை அரித்துக்கொண்டிருக்கிறதாம். அபூர்வமான நோய், வெடித்தால் ஆள் மிஞ்சமாட்டார். மருந்து ஏற்றிவிட்டு மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றவர், போகிறபோக்கில் கேட்டார்: “வயித்த யாராவது அழுத்துனீங்களா?”

“இல்ல சார்,” என்றேன். அத்தையைப் போலீசில் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். எவ்வளவு பெரிய பொய்!

“அது பொய் சொல்லுது சார்,” என்றாள் அத்தை. “நேத்து நாந்தான் நல்லா அமுக்கி வுட்டேன். என்ன இன்னா வேணா பண்ணு, எந்தம்பிய காப்பாத்து.”

டாக்டரின் முகம் மாறிவிட்டது. திரும்பவும் அப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காலைவரை காத்திருக்க முடியாது என்று அப்போதே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திறந்து பார்த்தால் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அரித்த துண்டை வெட்டி எடுத்து வேறு குழாய் வைத்தார்கள்.

அப்பா பிழைத்தார். ஆனால் அத்தை வார்டுக்குள் வரவே இல்லை, வாசலிலேயே கிடந்தாள். ஆறாம் நாள் அப்பாவே கூப்பிட்டனுப்பினார். தலைகுனிந்து வந்து நின்றவளைப் பார்த்து, “இன்னாக்கா, வாசல்லயே குந்திகினு கீற? பயப்படாத, நான் உன்ன அமுக்க மாட்டேன்,” என்றார்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மாமா செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.