சுவரக்கா

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் நெட் கஃபே நடத்தும் ஜெயந்தினிக்கு ஊர் வைத்த பெயர் சுவரக்கா. யாராவது பாஸ்வேர்ட் அடிக்கத் தொடங்கினால் போதும், சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். சுவரில் ஒரு முருகன் காலண்டர். முருகனை அவ்வளவு நேரம் பார்த்தவர்கள் கதிர்காமத்திலும் இருக்க மாட்டார்கள் என்று கேலி செய்வார்கள்.

அந்த நாளில் கடையில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஒருவர் எழுந்து போனதும் அவர் இருந்த கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடுவாள். போட்டதும் அது முன்பு உட்கார்ந்தவரை அடியோடு மறந்துவிடும். அப்படி ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தாள். தோட்டத்துப் பெண்கள் பாதிப்பேர் வெளிநாட்டில்; வருகிற ஈமெயிலெல்லாம் வீட்டு விஷயம், அடுத்தவர் கண்ணில் படலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அவர்கள் வீட்டுக்காரர்கள் குளித்து, தலைசீவி, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வருவார்கள். இப்போது எல்லோர் கையிலும் போன். ஆறில் ஒன்றுதான் மிச்சம், மற்றபடி போட்டோகொப்பி எடுத்துத்தான் பிழைப்பு.

அந்த ஒன்றின் முன்னால்தான் போன வெள்ளிக்கிழமை சிவஞானம் வந்து உட்கார்ந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மனைவி கனகம் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த ஐந்து வருடமும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தவர். அவள் திரும்பி வந்தபின் மாடி ஏறியதில்லை.

"கனகம் போயிருச்சு தங்கச்சி. நாளன்னிக்குக் கருமாதி. வைக்க ஒரு படம் இல்ல."

"ஒண்ணுகூடவா இல்லண்ணே?"

"ஐடென்டி கார்டுல இருக்கு. அதுல பொலிசு புடிச்ச மாதிரி முழிக்கிறா. சிரிச்ச படம் ஒண்ணு குவைத்துல இருந்து அனுப்புனா. இங்கனதான் பாத்தேன். ஈமெயில் பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

மனைவி பேர், பிள்ளைகள் பேர், லயத்து வீட்டு நம்பர் எல்லாம் அடித்துப் பார்த்தார். எதற்கும் திறக்கவில்லை.

"நீங்க பாத்திருக்க மாட்டீங்க, தெரியும். இந்தப் பொட்டிக்காவது ஞாபகம் இருக்குமா தங்கச்சி?"

பெட்டிக்கு எப்படி இருக்கும்? அதை மறக்க வைத்ததே அவள்தான். ஆனால் அவளுக்கு ஞாபகம் இருந்தது. கண்ணைத் திருப்பினாளே தவிர, காதை எங்கே திருப்புவது? சிவஞானம் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, வாய்விட்டுச் சொல்லித்தான் அடிப்பார். காதில் விழாமலிருக்க அவள் ரேடியோவைக் கூட்டி வைத்தும் பயனில்லை. இப்போது தெரியும் என்று சொன்னால், இத்தனை வருடம் சுவரைப் பார்த்ததெல்லாம் நடிப்பு என்று ஊர் நினைக்காதா? அவள் சம்பாதித்து வைத்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். ஆனாலும் அந்த மனிதர் வெறுங்கையோடு படி இறங்குவதை அவளால் தாங்க முடியாது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நான் பாக்கல. நீங்க சொல்லிச் சொல்லி அடிச்சது காதுல விழுந்துருச்சு. சொல்றேன், அடிங்க."

வழக்கம்போல முருகன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வி... ஏ... என்... டி... எச்... யூ..."

பின்னால் அவரும் ஒவ்வொன்றாகச் சொல்லி அடித்தார்.

"ஆர்... யூ... வி..."

சத்தம் நின்றது. கடைசி எழுத்தை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வந்துருவா," என்றார் சிவஞானம். "அவ பிளேன் ஏறுன அன்னைக்கு வச்சது. வந்து சேந்ததும் மறந்துட்டேன்."

ஒரு தட்டு. பிறகு மவுஸைத் தேடித் தேடி அழுத்தும் சத்தம். ஜெயந்தினி காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்; அவள் கண்ணுக்குள் முருகன் கலங்கித் தெரிந்தார்.

"திரும்புங்க தங்கச்சி," என்றார் அவர். "வந்துட்டா."